மேல்மாடிக் கோடு

பதினோராம் பக்கத்தில் ஒரு சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, தாளை என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு இர்பான் நின்றான். காலை மணி பத்தேகால். நான் இன்னும் சாப்பாட்டு டப்பாவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. குஷாய்குடாவிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்த சேலையைக்கூடச் சரிசெய்யவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஷார்ஜாவிலுள்ள பதிப்பகத்தோடு கடைசி போன். அதில் அங்கே புத்தகத்தைப் பார்க்கும் டாக்டர் ஃபாரிஸ் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஒன்பது மாதமாக என் உயிரை வாங்கிய அரபி எழுத்துரு முடிந்தது. மறுநாள் புத்தகம் அச்சுக்குப் போய்விடும். இந்த ஒன்பது மாதத்தில் இர்பான் இப்படி என் மேஜையில் வைத்த தாள்களைக் கட்டினால் ஒரு மூட்டை தேறும். ஆனால் கடைசி நாளன்று, கடைசி போனுக்கு ஆறு மணி நேரம் இருக்கும்போது, இன்னொரு வட்டத்தோடு வந்து நிற்பான் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை என்றால் ஊரில் எல்லோரும் கண்ணாடிக் கட்டடத்தைத்தான் நினைக்கிறார்கள். கோவில்பட்டியில் என் சித்தி இன்றைக்கும், "ஏசியிலயே கெடந்து உனக்கு உடம்பு ஊதிப்போச்சு சுமதி" என்பாள். எங்கள் ஆபீஸ் நாச்சாரத்தில், ரப்பர் வாஷர் செய்யும் ஒரு பட்டறைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. ஏழு பேர், இரண்டு மின்விசிறி. காலையில் ரப்பர் வேகும் வாடை ஜன்னல் வழியாக ஏறி வந்தால் சாயங்காலம் வரை தலைமுடியில் இருக்கும். முதலாளி வரதராஜன் சார் குஷாய்குடாவில் உள்ள அரசு ஆலையில் இருபத்தைந்து வருஷம் இன்ஜினியராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எழுத்துருத் தொழிலில் இறங்கியவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டியை, 2005 செப்டம்பரில் ஷார்ஜாவில் ஒரு பாடநூல் பதிப்பகம் கிடைத்ததும் அரபிப் பக்கம் திருப்பினார். "எல்லாம் எழுத்துதானேம்மா" என்றார். எல்லாம் எழுத்துதான். எழுத்தின் மேல் குறியை மாட்டக் கொக்கி வைப்பவள் நான்.

எனக்கு அரபி தெரியாது. ஒவ்வோர் எழுத்தின் உயரமும் அகலமும் தெரியும், அது வாயில் என்ன சத்தம் போடும் என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அரபியில் எழுத்துகளை எழுதிவிட்டு, அதை 'அ' சேர்த்துச் சொல்வதா, 'இ' சேர்த்தா, 'உ' சேர்த்தா என்பதை மேலேயும் கீழேயும் சின்னச் சின்னக் குறிகளாகப் போடுகிறார்கள். பாஷை தெரிந்தவர்களுக்கு அந்தக் குறிகள் வேண்டாம். அவர்களுடைய செய்தித்தாளில் அவை அநேகமாக இருக்காது. புதிதாகப் படிப்பவர்களுக்குத்தான் வேண்டும். ஒரே குறி என்றால் பரவாயில்லை. எழுத்தை அழுத்தி இரட்டித்துச் சொல்ல வேண்டும் என்றால் அதன் தலையில் ஒரு குறி, அதற்கும் மேலே உயிரொலிக்கு இன்னொரு குறி என்று இரண்டு மாடி எழும்பும். குறி எங்கே வந்து மாட்ட வேண்டும் என்று காட்ட, ஒவ்வோர் எழுத்துக்கும் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி நான் வைக்க வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு கொக்கி. குறியின் மேல் குறி உட்கார அதன் தலையிலும் ஒரு கொக்கி. இதற்கெல்லாம் முறையான இங்கிலீஷ் பெயர்கள் உண்டு, ஆனால் எங்கள் ஆபீஸில் கொக்கிதான். குறிகளுக்கும் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். சாய்வாக இருப்பது கோடு. வட்டமாக இருப்பது முட்டை. வால் வைத்தது ஒன்பது. இரட்டிப்பது டபிள்யூ. முதல் வாரம் இர்பான் முகத்தைச் சுளித்தான். இரண்டாம் மாதம் அவனே வந்து, "அக்கா, முட்டை சாஞ்சிருக்கு" என்றான்.

சிக்கல் எல்லாம் பல்லெழுத்துகளில். சொல்லின் நடுவே வரும்போது சில எழுத்துகள் சீப்பின் ஒரு பல் அளவுக்குத்தான் இருக்கும். அந்தத் துளி இடத்தில் டபிள்யூ, அதன் மேல் ஒரு கோடு, பக்கத்து எழுத்தின் தலையில் அதன் சொந்தக் கோடு என்று எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஏழு வாரம் மல்லுக்கட்டினேன். எழுத்தை அகலமாக்கினால் சொல் இளித்தது. குறியைச் சிறிதாக்கினால் அச்சில் காணாமல் போனது. கடைசியில் ஒரு நாள், மேல்மாடியில் இருக்கும் கோட்டை மட்டும் நூற்றைம்பது யூனிட் இடப்பக்கம் தள்ளிக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தேன். ஒன்றும் முட்டவில்லை. வரிக்கும் வரிக்கும் நடுவில் இடம்கூட மிச்சமானது. சோதனை மென்பொருள் பதினாலாயிரம் சேர்க்கைகளை ஓட்டிவிட்டு, மோதல் பூஜ்யம் என்று காட்டியது. டாக்டர் ஃபாரிஸ் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் வரிகள் மூச்சு விடுகின்றன என்று எழுதிய மின்னஞ்சலை வரதராஜன் சார் பிரிண்ட் எடுத்துத் தண்ணீர் பில்டருக்கு மேல் ஒட்டினார். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நான் அதைப் படித்தேன். பெருமையாகத்தான் இருந்தது, அதில் என்ன வெட்கம்.

இர்பான் வட்டம் போட்டிருந்தது அப்படி ஒரு சொல்லைத்தான்.

"என்னப்பா இது?"

"அக்கா, மேல உள்ள கோடு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கு."

நான் தாளைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தேன். மேலப்பாளையத்துப் பையன், இருபத்தாறு வயது, நம் பக்கத்து ஊர்க்காரன் என்று முதல் நாளே நான் பாதி சாப்பாட்டைக் கொடுத்தவன். ஆபீஸில் அரபி தெரிந்த ஒரே ஆள். ஷார்ஜாவுக்குப் போன எல்லாக் காகிதத்திலும் அவன் பெயருக்குப் பக்கத்தில் 'அரபி மொழி நிபுணர்' என்று இருக்கும். அடுத்த மாதம் ஆறு மாதத்துக்கு அங்கே போகிறான். டாக்டர் ஃபாரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த ஐந்து புத்தகங்களைப் பார்க்க வேண்டும். எங்கள் கம்பெனியிலிருந்து வெளிநாடு போகும் முதல் ஆள். விசா வந்து நாலு நாள் ஆகிறது, வரதராஜன் சார் எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்டவன் சந்தோஷமாகப் பெட்டி வாங்கப் போகாமல் என் கோட்டை நோண்டிக்கொண்டிருக்கிறான்.

"டாக்டர் மூணு தடவை பாத்துட்டாரு. கையெழுத்துப் போட்டாச்சு. எழுத்துருவைப் பூட்டியாச்சு. நூத்திருபது பக்கமும் கோர்த்தாச்சு. இன்னிக்கு வந்து ஏன் இப்படி உயிர வாங்குத?"

"அவருக்குத் தெரியாதுக்கா."

"அவரு அரபிக்காரரு. அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரியுமாக்கும்."

இர்பான் தாளை எடுத்துக்கொண்டான். போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. "கொஞ்சம் வெளிய வாங்க" என்றான். எனக்கு இருந்த கோபத்துக்கு, வெளியே கூட்டிப் போய்க் காது நிறையத் திட்டலாம் என்றுதான் எழுந்தேன்.

மாடிப்படித் திருப்பத்தில் ஜெனரேட்டர் வைத்திருப்பார்கள். அதன் சத்தத்தில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதால் ஆபீஸின் எல்லா ரகசியமும் அங்கேதான் பேசப்படும். அன்று பார்த்துக் கரண்ட் இருந்தது, ஜெனரேட்டர் சும்மா கிடந்தது. இர்பான் கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, எனக்கு அரபி தெரியாது."

ஜூன் மாத வெயிலில் இந்தப் பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அவன் நிதானமாகத்தான் இருந்தான். சின்ன வயதில் மதரஸாவில் ஓதப் படித்திருக்கிறான். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் தப்பில்லாமல் ஓதுவான், குறிகள் இருந்தால். அர்த்தம் ஒரு வரிகூடத் தெரியாது. குறிகள் இல்லாவிட்டால் ஒரு கடையின் போர்டைக்கூட வாசிக்க வராது. இன்டர்வியூவில் வரதராஜன் சார், "அரபி படிப்பியா?" என்று கேட்டிருக்கிறார். "படிப்பேன் சார்" என்றிருக்கிறான். புரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தார்கள், மற்றதை அவர்களே எழுதிக்கொண்டார்கள். ஷார்ஜாவிலிருந்து அரபியில் வந்த காகிதங்களை எல்லாம் 'வீட்டில் நிதானமாகப் பார்க்கிறேன்' என்று அவன் எடுத்துப் போனது, மெஹதிப்பட்டணத்தில் சவுதியிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் காட்டிக் கேட்டு வருவதற்காம். ஒன்பது மாதம். நான் அவனுக்குப் பாதி சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப ஷார்ஜால போய் என்னத்தப் பேசுவ?"

"அதுக்குள்ள படிச்சிரலாம்னு நெனச்சேன். முப்பது நாள்ல அரபின்னு புக்கு வாங்கி வச்சிருக்கேன். வாப்பா ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டாவ."

"முப்பது நாள்ல." அவன் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

"அத விடுங்கக்கா. டாக்டருக்கு ஏன் தெரியலன்னு சொல்லுதேன். அவரு எழுத்தப் பாத்ததும் சொல்லைத் தெரிஞ்சுக்கிடுதாரு. மேல என்ன கெடக்குன்னு அவரு கண்ணு போகவே போகாது. கோடு இல்லன்னாலும் படிப்பாரு, கோட்டைக் கொண்டு போயி கூரையில வச்சாலும் படிப்பாரு. எனக்கு அப்படி இல்ல. கோடு எங்க இருக்கோ அதுதான் எனக்கு எழுத்து. நம்ம புத்தகம் யாருக்கு? அங்க இருக்க மலையாளத்துப் பிள்ளைகளுக்கு, பிலிப்பினோ பிள்ளைகளுக்கு. அதுகளும் என்ன மாரிதான. இந்தச் சொல்லுல நானே தடுக்கி விழுந்தேன்."

அவன் சொன்னது சரி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதுதான் என் கோபத்தைக் கூட்டியது. ஒரு முட்டாள் வந்து தப்பாகச் சொன்னால் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன் வந்து சரியாகச் சொன்னால் என்னதான் செய்வது. விறுவிறுவென்று மேலே ஏறி, தாளை மேஜையில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது மாதமாக நான் எந்த எழுத்தையும் அதன் நிஜ அளவில் பார்த்ததில்லை. திரையில் எட்டு மடங்கு பெருக்கித்தான் பார்ப்பேன். அந்த அளவில் டபிள்யூவுக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் அழகாக, வேண்டுமென்றே விட்ட இடைவெளியாகத் தெரியும். தாளில், குழந்தை பார்க்கப்போகும் அளவில், டபிள்யூ தன் எழுத்தின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. அதன் கோடு பக்கத்து எழுத்தின் கோட்டுக்கு நேர் மேலே போய் நின்றுகொண்டது. இரண்டும் சேர்ந்து இரட்டைக் கோடாகிவிட்டன. அரபியில் இரட்டைக் கோடு என்று ஒரு குறி நிஜமாகவே உண்டு; அதற்கு 'அன்' என்று சத்தம். ஆறாம் பக்கத்தில் இருந்த நிஜமான இரட்டைக் கோட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. முட்டக் கூடாது, முட்டக் கூடாது என்று நான் ஒரு குறியை அதன் வீட்டைவிட்டே துரத்தியிருக்கிறேன். மென்பொருள் எனக்குப் பூஜ்யம் மோதல் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறது. புத்தகம் முழுக்கத் தேடினால் இப்படி இருநூற்றுப் பதினேழு இடம்.

திருத்துவதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் டாக்டர் ஒப்புதல் கொடுத்துப் பூட்டிய எழுத்துருவை அவர் சம்மதம் இல்லாமல் நான் தொட முடியாது. எதற்காகத் தொடுகிறோம் என்று காரணமும் சொல்ல வேண்டும். வரதராஜன் சாரின் அறைக்குப் போனேன். அவர் நாலு மணிக்குப் போடுவதற்காக வெள்ளைச் சட்டை ஒன்றை நாற்காலியின் முதுகில் மாட்டி வைத்திருந்தார். போனில் சட்டை தெரியாது என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நக்கோம்மா" என்றார், நான் முடிப்பதற்கு முன்பே. இந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்ததில், மறுப்பதற்கு மட்டும் அவருக்கு இந்த ஊர் பாஷைதான் வரும். "அவாளுக்கு அது தாய்பாஷை. அவாளே சரின்னுட்டா. நாம எதுக்கு நோண்டிண்டு இருக்கணும்? இர்பான் என்ன சொல்றான்?"

இர்பான் என்ன சொல்கிறான் என்பதில் எதைச் சொல்வது. "அவனுக்கும் சந்தேகமாத்தான் இருக்கு சார்" என்றேன்.

"சந்தேகம்னா ஷார்ஜா போனப்பறம் பேசித் தீத்துக்கட்டும். இன்னிக்குக் கடைசி அக்செப்டன்ஸ் வாங்கியாகணும்."

"நாளைக்கு அச்சாயிரும் சார். முப்பதாயிரம் புத்தகம். இருநூத்திப் பதினேழு இடத்துல பிள்ளைக தப்பாப் படிக்கும். நான் வச்ச கொக்கி சார் அது. நான் சொல்லிட்டுதான் விடுவேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் இல்லாவிட்டால் அடுத்த ஐந்து புத்தகத்துக்குக் கொக்கி வைக்க ஆள் இல்லை என்ற கணக்கு அவர் கண்ணில் ஓடியதை நானும் பார்த்தேன். "ரெண்டு நிமிஷம். இன்ஜினியரிங் பாயிண்ட்டாச் சொல்லுங்கோ. அதுக்கு மேல இழுக்கப்படாது" என்றார்.

வெளியே வந்து இர்பானைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் பேசுகிறேன், என் தப்பாகவே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றேன். அவன் தலையாட்டினான். எவ்வளவு நல்ல திட்டம் என்று எனக்கே தோன்றியது. புத்தகமும் தப்பிக்கும், இவன் விசாவும் தப்பிக்கும், அப்புறம் ஷார்ஜாவில் என்ன ஆனாலும் என் தலைவலி இல்லை. மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவனுக்கு இறங்கவில்லை. அவன் சாப்பிடாததைப் பார்த்து எனக்கும் எரிச்சலாக வந்தது, டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் சாரின் அறையில் ஸ்பீக்கர் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். டாக்டர் ஃபாரிஸ் இங்கிலீஷில் மிக மரியாதையாகப் பேசுபவர். ஆளைப் பார்த்ததில்லை, நல்ல கனத்த குரல். வெயில் எப்படி என்று விசாரித்தார், வேலையைப் பாராட்டினார், என் பெயரைச் சொல்லித் தனியாகப் பாராட்டினார். எனக்கு அது ஊசியாகக் குத்தியது. வரதராஜன் சார் வெள்ளைச் சட்டையில் முன்னால் சாய்ந்து, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம் என்று ஆரம்பித்து, பதினோராம் பக்கம், ஏழாவது வரி, மூன்றாவது சொல் என்றேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. அடுத்த நொடியே அவர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தனப்பஹத் என்று ஒரே ஓட்டமாக வந்தது.

"எனக்கு ஒரு சிரமமும் இல்லையே, மேடம். அழகாக இருக்கிறது."

கோடு நகர்ந்திருப்பதைச் சொன்னேன். நகர்ந்திருப்பது தெரியும், அதைத்தானே நான் பாராட்டினேன் என்றார். சிறு பிள்ளைகளுக்குக் குழப்பம் வராதா என்றேன். இந்தச் சொல்லில் அந்த இடத்தில் இரட்டைக் கோடு வரவே முடியாது, அதனால் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள் என்று பொறுமையாக விளக்கினார். வர முடியாது என்று யாருக்குத் தெரியும், பாஷை தெரிந்தவனுக்குத் தெரியும். அதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் வரதராஜன் சார் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அப்போது டாக்டர் கேட்டார், "உங்கள் மொழி நிபுணர் என்ன நினைக்கிறார்?"

இர்பான் என்னைப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தேன், கேள்வி நேராக அவனிடம் வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. பெரிய திட்டம் போட்டவள். "மேடம் சொல்வது சரி, சார்" என்றான் இர்பான் இங்கிலீஷில்.

"அப்படியா" என்றார் டாக்டர். அவர் குரலில் உண்மையான அக்கறை வந்துவிட்டது. தன்னைப் போன்ற ஒரு படித்த ஆளோடு பேசப் போகிற சந்தோஷம் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் அவர் இங்கிலீஷை விட்டுவிட்டார். அரபியில் பேச ஆரம்பித்தார். ஏதோ விளக்கினார், உதாரணம் மாதிரி சில சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நடுவில் சின்னதாகச் சிரித்தார், கடைசியில் கேள்வியாக முடித்துவிட்டுக் காத்திருந்தார். வரதராஜன் சார் தன் பிள்ளை மேடையில் பாடப் போவதைப் பார்க்கும் அப்பா மாதிரி இர்பானைப் பார்த்தார். அவன் காது மடல் சிவந்திருந்தது. போன் வயர் என் காலடியில்தான் ஓடியது. அதை மிதித்துப் பிடுங்கிவிட்டு லைன் போய்விட்டது என்று சொல்லலாம், இந்த ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன். இர்பான் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

"சார்," என்றான், "நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. எனக்கு அரபி தெரியாது."

வரதராஜன் சாரின் சிரிப்பு அவருக்கே தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது.

"எனக்குப் படிக்க மட்டும்தான் தெரியும். குறி இருந்தால் படிப்பேன். அர்த்தம் தெரியாது. உங்களுக்கு அனுப்பிய காகிதத்தில் தப்பாக எழுதியிருக்கிறது. நானும் திருத்தச் சொல்லவில்லை." அவன் இங்கிலீஷ் எப்போதும் கொஞ்சம் இடறும், அன்று இடறவில்லை. "உங்கள் புத்தகத்தைப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அர்த்தம் தெரியாது, சார். அவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று நான் காட்டலாமா?"

"இர்பான்" என்றார் வரதராஜன் சார், மிக மெல்ல. "என்னடா சொல்றே நீ."

அவன் தாளை மேஜையில் நேராக வைத்து, ஏழாவது வரியில், மூன்றாவது சொல்லின் கீழே ஆள்காட்டி விரலை வைத்தான். பிறகு பேசியது எங்களோடு ஒன்பது மாதம் வேலை செய்த இர்பான் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை இழுத்து இழுத்து, ராகம் போட்டு, எழுத்தெழுத்தாக உடைத்துச் சொல்லும் குரல் அது. மேலப்பாளையத்தில் ஏதோ ஒரு கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு ஆடி ஆடிச் சொன்ன குரலாக இருக்கும்.

"தே ஜபர் த. நூன் ஜபர் ந. தன. பே ஷத்து..."

நின்றுவிட்டான். எங்கள் கோடுதான் அவனுக்கு ஜபர், டபிள்யூதான் ஷத்து; விரல் அந்த டபிள்யூவின் கீழே நின்றது. "இங்கே எனக்கு ஒன்றும் இல்லை, சார்" என்றான். "எழுத்தை இரட்டிக்கச் சொல்லியிருக்கிறது, எப்படிச் சொல்வது என்று போடவில்லை." விரலைத் தள்ளி அடுத்த எழுத்துக்குப் போனான். "ஹே ரெண்டு ஜபர் ஹன்."

வரதராஜன் சாரின் கை போனிலுள்ள மியூட் பட்டனுக்குப் போனது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஆறு வருஷத்தில் அவருக்கு நான் கை கொடுத்ததுகூட இல்லை. "கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றேன். என்னைவிட அவர்தான் அதிகம் அதிர்ந்துபோனார், கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஷார்ஜாவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு கதவைச் சாத்தினார்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்றே நினைத்தேன். ஆனால் குரல் திரும்பி வந்தது, முன்னைவிடப் போனுக்கு நெருக்கத்தில்.

"மறுபடி, முதலிலிருந்து" என்றார் டாக்டர் ஃபாரிஸ். "மெதுவாக. நானும் விரல் வைத்துக்கொள்கிறேன்."

இர்பான் விரலைச் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தான். இந்த முறை போனிலிருந்தும் ஒரு குரல் கூடவே வந்தது. அவர்கள் குறிகளுக்குச் சொல்லும் பெயர்கள் வேறு, ராகமும் வேறு. ஆனாலும் எழுத்துக்கு எழுத்து நின்று நின்று, இர்பானுக்கு அரை அடி பின்னால் அந்தக் கனத்த குரல் நடந்து வந்தது. ஐம்பது வருஷமாக எந்தச் சொல்லிலும் நின்றிருக்காத மனிதர். முதல் எழுத்து. இரண்டாவது. மூன்றாவது எழுத்தில் இர்பான் நின்றான். போனில் இருந்த குரலும் கோட்டைத் தேடி அங்கேயே நின்றது. கீழே பட்டறையில் ரப்பர் அழுத்தும் இயந்திரம் ஒரு தடவை இறங்கி ஏறியது. இர்பானின் நகம் தாளில் அழுந்தி வெளுத்திருந்தது. அவன் விரலை எடுக்கவில்லை, அந்தப் பக்கத்து விரல் நகரட்டும் என்று காத்திருந்தான்.